பெரியவர் எழுந்திருக்கவில்லை

அத்தியாயம் 14

வாக்குக் கொடுக்க வாய் ஒன்று போதும். காப்பாற்றத்தான் கை, கால், கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டும். போன வாரம் மருமகள் கிரேன்காரருக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள் அல்லவா, அதுதான் இன்று அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

கிரேன்காரருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. செயற்கைக் காலோடுதான் இத்தனை வருஷமாகத் துறைமுகத்தில் ஏணி ஏறி, உச்சியில் உட்கார்ந்து, கப்பல் பெட்டிகளைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலின் சாக்கெட், அதாவது மீதிக்கால் போய் உட்காருகிற கிண்ணம், விரிசல் விட்டுவிட்டது. நாளைக் காலையில் கம்பெனி டாக்டர் முன்னால் ஏணி ஏறிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கிரேன் வேறொருவருக்குப் போய்விடும்.

"திங்கட்கிழமை சாயங்காலம் கால் உங்க கையில இருக்கும்" என்று மருமகள் சொல்லியிருந்தாள். இன்று திங்கட்கிழமை.

வீட்டின் முன்பகுதிதான் செயற்கைக் கால் செய்யும் பட்டறை. அளவெடுக்கும் ஸ்கேனர் ஒரு மூலையில், நுரைக்கட்டையைக் கால் வடிவத்தில் செதுக்கித் தரும் மெஷின் இன்னொரு மூலையில். மெஷின் பழசு. அதை ஓட்டும் மென்பொருள் அதைவிடப் பழசு. செய்து கொடுத்த கம்பெனி கடையை மூடிவிட்டுப் போய்விட்டது, இன்றைய கம்ப்யூட்டர் எதிலும் அது ஓடாது. அதனால் வீட்டின் சின்னவன், மருமகளுக்குக் கொழுந்தன், பழைய கம்ப்யூட்டரை அப்படியே புதுசுக்குள் குடிவைத்துவிட்டான். வெர்ச்சுவல் மெஷின் என்று அதற்குப் பெயர். திரைக்குள் ஒரு சதுரம், அந்தச் சதுரத்துக்குள் பழைய கம்ப்யூட்டர் முழுசாக உட்கார்ந்திருக்கும்.

குடிவைத்தவன் இப்போது வீட்டில் இல்லை. வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து அவன் கிளம்பிய அன்று, "இந்த வாசலைத் தாண்டினா திரும்பி வராதே" என்று மாமனார் சொன்னார். அப்பன் சொன்ன வேறெதையும் கேட்காத பிள்ளை, இதை மட்டும் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் போன பிறகு மெஷினை ஓட்டும் பொறுப்பு மருமகளிடம் வந்தது. அவள்தான் அந்தத் திரைக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்தாள். எழுந்திருக்க நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தினால் கோபித்துக்கொண்டு உறைந்துவிடும். இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் ஒன்றை மறந்துவிடும். மாமனாரைப் பற்றி வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் மெஷினைச் சாக்கிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி.

இன்று காலை பெரியவர் எழுந்திருக்கவில்லை.

சொடுக்கினாள். சதுரம் கறுப்பாக வந்து, மறைந்து, அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு நின்றது. மறுபடி சொடுக்கினாள். அதே அறிவிப்பு. கம்ப்யூட்டரை அணைத்து, ஒரு டீயைக் குடித்து முடித்து, மறுபடி போட்டாள். அறிவிப்பில் பேரன்ட், சைல்டு என்ற இரண்டு வார்த்தைகள்தான் அவளுக்குப் புரிந்தன. இதற்குள்ளேயும் குடும்பத் தகராறா என்று நினைத்துக்கொண்டாள், ஆனால் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை, டிஸ்க்கில் இடமில்லை என்று கம்ப்யூட்டர் நச்சரித்தபோது, கப்பலில் இன்ஜினியராக இருக்கும் கணவர் அனுப்பிய கடல் வீடியோக்களை அவள் கும்பலாக அழித்திருந்தாள். எல்லாக் கடலும் ஒரே கடல்தானே என்று அழித்தாள். அதோடு சேர்த்துப் பெரியவரின் உயிர்நாடி எதையாவது பிடுங்கிவிட்டோமோ?

கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியைத் திறந்தாள், காலி. சின்னவன் நகல் எடுக்க வைத்துவிட்டுப் போன டிஸ்க் எப்போதோ நிறைந்து, வாயைத் திறக்காமல் நின்றுபோயிருந்தது. கிரேன்காரரின் அளவு போன வாரம் எடுத்தது, அது பெரியவருக்குள்தான் இருக்கிறது. மறுபடி அளக்கலாம் என்றால் ஸ்கேனரும் பெரியவரிடம்தான் பேசும். பிளாஸ்டர் போட்டுக் கையால் அச்செடுத்தால் அது காய்வதற்கே நாளையும் போய்விடும்.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"ஃபார்மட் பண்ணிடலாம்க்கா. புதுசா போட்டுக் குடுத்துடறேன்."

"உள்ள இருக்கற கால் அளவெல்லாம்?"

"அதெல்லாம் போயிடும். ஆனா நல்லா வேகமா ஓடும்."

போனை வைத்தாள். கணவருக்குப் போட்டாள், நடுக்கடலில் சிக்னல் ஏது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு எண். அந்த எண்ணுக்குப் பேசக்கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். வெளிவாசலில் உட்கார்ந்து தோல்பட்டைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த மாமனாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சமையலறைக்குள் போய் நின்றுகொண்டு செய்தி அடித்தாள்.

'தம்பி, பெரியவர் எழுந்திருக்கவே மாட்டேங்கறார். காலைல இருந்து எவ்வளவோ பண்ணிப் பாத்துட்டேன். எனக்குக் கை கால் ஓடல. உன்ன விட்டா யாரும் இல்ல.'

பார்த்துவிட்டான் என்பதற்கான அடையாளம் உடனே வந்தது. பதில் வரவில்லை. அழைத்தாள், எடுக்கவில்லை. அப்பன் மேல் இருக்கிற கோபத்தை என் மேல் காட்டுகிறானே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மதியம் கிரேன்காரர் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தார்.

"சாயங்காலம்னுதானே சொன்னேன்?"

"வீட்டுல உட்கார முடியலம்மா. இங்க உட்கார்ந்தா மெஷின் சத்தமாவது கேக்கும்னு வந்தேன்." அவர் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். "சத்தத்தையே காணோமே?"

"இப்ப ஆரம்பிச்சுடும்" என்றாள். வாக்கைக் காப்பாற்ற ஒரு பொய். அவர் தலையை ஆட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நாளை ஏணி ஏறியதும் தன் மேற்பார்வையாளர் முகம் எப்படிப் போகும் என்பதை விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டு 'உம்' கொட்டினாள். உள்ளுக்குள், இந்த மனுஷனிடம் உண்மையைச் சொல்லிவிடு, வேறு இடம் தேடட்டும் என்று ஒரு குரல். எந்த இடத்தில் அரை நாளில் கால் கொடுப்பார்கள் என்று இன்னொரு குரல்.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

சின்னவன் இறங்கினான். இறங்கினான் என்றா சொல்வது, விழுந்தான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது, கண்கள் வீங்கியிருந்தன, தோளில் பை ஒருபக்கம் தொங்கியது. ஓடி வந்தவன் வாசற்படியில் ஊசியும் நூலுமாக எழுந்து நின்ற அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

மாமனார் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"யார் செத்துட்டாங்கன்னு இப்படி ஓடி வர்றே?"

"நீங்கதாம்பா."

கிரேன்காரர் ஊன்றுகோலைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

சின்னவன் போனை எடுத்து அண்ணியிடம் நீட்டினான். தான் அனுப்பிய செய்தியை மருமகள் மறுபடி படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பெரியவர் என்ற பெயரே அவன் போன பிறகு வைத்தது. வீட்டுக்குள் புழங்கிப் புழங்கி, அவனுக்குத் தெரியாது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இந்தப் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பெரியவர் என்று கூப்பிடும் ஒரே ஆள் மாமனார்தான்.

"தம்பி, அது கம்ப்யூட்டரு. உள்ள இருக்கற அந்த வெர்ச்சுவல் மெஷின்" என்றாள் மருமகள்.

"போனையாவது எடுத்திருக்கக் கூடாதா நீ?" என்று அவனையே திருப்பிக் கேட்டாள். தப்பைத் தன் தலையிலிருந்து கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

"எடுத்தா என்ன சொல்வீங்கன்னு தெரியும்ல அண்ணி. அதைக் கேக்க வேண்டாம்னுதான் எடுக்கல."

மாமனார் மருமகளிடம் திரும்பினார். "கம்ப்யூட்டருக்குப் பெரியவர்னு பேரு வச்சது யாரு?"

"ஒரு மரியாதைக்குத்தான் மாமா."

"ம்" என்றார் அவர். அந்த 'ம்'முக்கு எவ்வளவு அர்த்தம் என்று தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும், இன்று அவகாசமில்லை. மகனின் பையைச் சுட்டிக்காட்டினார். "எழவு வீட்டுக்கும் லாப்டாப்போட வர்ற ஆளு உலகத்துலயே நீ ஒருத்தன்தான். பாத்துட்டேல்ல? உயிரோடதான் இருக்கேன். கிளம்பு."

சின்னவன் பையைத் தோளில் சரிசெய்துகொண்டான். நிஜமாகவே கிளம்பிவிடுவான் என்று மருமகளுக்குத் தெரிந்தது, இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம். அவள் வாசலில் குறுக்கே நின்றாள்.

"தம்பி, உன் கால்ல வேணா விழறேன். இவருக்கு நாளைக் காலைல ஏணி ஏறணும். எல்லாம் அதுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு."

கிரேன்காரர் அப்போதுதான் விஷயத்தைப் புரிந்துகொண்டார். முகம் வெளுத்தது. ஆனால் குரல் நிதானமாகத்தான் வந்தது.

"பெரியவரே, உங்க சண்டைய நாளைக்கு வச்சுக்குங்க. இன்னைக்கு எனக்குக் கால் வேணும்."

மாமனார் உட்கார்ந்து தையலைத் தொடர்ந்தார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மருமகள் சின்னவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

அவன் அறிவிப்பைப் படித்தான். கோப்புகளைத் திறந்து பார்த்தான். அவன் முகம் மெல்ல மெல்ல வேலை செய்கிற முகமாக மாறியது.

"நான்தான் அழிச்சுட்டேனா?" என்று கேட்டாள்.

"நீங்க இதைத் தொடவே இல்ல அண்ணி. இதுல ரெண்டு டிஸ்க் இருக்கு. ஒண்ணு அப்பா, இன்னொண்ணு பிள்ளை. நான் வச்ச பேரு இல்ல, தொழில்லயே அப்படித்தான் சொல்வாங்க. நான் கிளம்பின அன்னைக்கு, ஏதாவது கெட்டுப்போனா திரும்பி வரலாம்னு அன்னைக்கு இருந்த நிலைமைய அப்படியே உறைய வச்சுட்டுப் போனேன். அது அப்பா. அதுக்கப்புறம் நீங்க செஞ்சதெல்லாம், இவரோட அளவு உட்பட, பிள்ளைக்குள்ள இருக்கு. பிள்ளை தனியா நிக்காது, அப்பா மேலதான் நிக்கும். அதனால அப்பாவ யாரும் தனியா திறக்கக் கூடாது. திறந்தா உள்ள ஏதாவது மாறிடும். மாறினா பிள்ளை, இது என் அப்பா இல்லைன்னுடும்."

"யார் திறந்தது?"

"சோதனை பண்ண நான் வச்சிருந்த பழைய ஐகான் ஒண்ணு. அழிக்காமப் போயிட்டேன். அது வழியா யாரோ திறந்திருக்காங்க. நேத்து மத்தியானம்."

நேற்று ஞாயிறு. மருமகள் மதியம் முழுக்கக் கடைத்தெருவில் இருந்தாள். வீட்டில் இருந்தது ஒரே ஆள்.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சின்னவனும் திரும்பவில்லை. பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்துச் செருகி, இருப்பதையெல்லாம் முதலில் நகல் எடுக்க விட்டான். பச்சைக் கோடு ஆமைபோல் நகர்ந்தது.

"சரி பண்ணிடலாமில்ல தம்பி?"

"கிளப்பிடலாம். ஆனா உள்ள என்ன மாறியிருக்குன்னு தெரியணும். சும்மா திறந்து மூடியிருந்தா பெரிசா ஒண்ணும் ஆகாது. புதுசா ஏதாவது அளவெடுத்து உள்ள சேமிச்சிருந்தா அது இவரோட அளவு மேல போய் உட்கார்ந்திருக்கும். திரையில பாத்தா சரியாத்தான் தெரியும். போட்டுட்டு ஏணி ஏறும்போதுதான் சதையைக் கிழிக்கும்."

கிரேன்காரர் தன் மீதிக்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

இப்போது கேட்டே ஆக வேண்டும். கேட்பது யார்? மகன் கேட்டால் சண்டை, மருமகள் கேட்டால் மரியாதைக் குறைவு. இருவரும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எதையும் சேமிக்கல" என்றது வாசலில் இருந்து ஒரு குரல்.

மாமனார் எழுந்து உள்ளே வந்திருந்தார். ஊசி இன்னும் விரலிடுக்கில் இருந்தது.

"திறந்தேன். மெஷின் ரெடின்னு சொல்ற வரைக்கும் இருந்தேன். அப்புறம் மூடிட்டேன்."

"யார் சொல்ற வரைக்கும்?" என்றான் மகன்.

அப்பா ஊசியைச் சட்டை மடிப்பில் குத்தி வைத்தார். மருமகளுக்குத்தான் சுரீரென்று உறைத்தது. முன்பெல்லாம் அந்த மென்பொருள் எழுந்ததும் சின்னவனின் குரலில் பேசும். 'அப்பா, மெஷின் ரெடி. கையை எடுங்க.' மாமனார் எப்போதும் கத்தி சுற்றுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டு நிற்பார் என்பதால் அவன் பதிந்து வைத்தது. அவன் வீட்டை விட்டுப் போன மறுநாள், "அந்தக் குரலை எடுத்துடும்மா" என்றார் மாமனார். அவளும் எடுத்துவிட்டாள். ஆனால் அவள் எடுத்தது பிள்ளை டிஸ்க்கிலிருந்து. உறைந்து கிடந்த அப்பாவுக்குள் அந்தக் குரல் இத்தனை நாளும் பத்திரமாக இருந்திருக்கிறது.

அவளுக்கு மாமனாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரைப் பார்த்துப் பயந்திருக்கிறாள், எரிச்சல்பட்டிருக்கிறாள். பாவம் என்று தோன்றியது இன்றுதான்.

சின்னவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டான். "எத்தனை தடவை திறந்தீங்க?"

"ரெண்டு."

"எதுக்கு ரெண்டாவது?"

"முதல் தடவை சவுண்டு வைக்கத் தெரியல."

சின்னவன் மூக்கை உறிஞ்சினான். பச்சைக் கோடு முடிந்திருந்தது. ஒரு சின்னக் கோப்பைத் திறந்தான், அதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி.

"அப்பாவுக்கு இப்ப புது நம்பர் வந்திருக்கு அண்ணி. பிள்ளைகிட்ட பழைய நம்பர் இருக்கு. ரெண்டும் ஒத்துப்போகணும்."

"யாருதை மாத்தணும்?"

"பிள்ளையோடதைத்தான். அப்பாவத் தொடக்கூடாது."

"கம்ப்யூட்டர்லயும் அப்படித்தானா" என்றார் கிரேன்காரர். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் யாருக்கும் கோபமும் வரவில்லை.

எண்ணைத் திருத்தி, சேமித்து, சொடுக்கினான். சதுரம் கறுப்பானது. கறுப்பாகவே இருந்தது. மருமகள் தனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள். தெரியாத சாமி யாராவது சும்மா இருந்தால் அவர்களும் வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வெள்ளை எழுத்துகள் ஓடின. டிஸ்க்கைச் சோதிக்கிறேன், காத்திரு என்றது. காத்திருந்தார்கள். நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல், பழைய மென்பொருளின் நீல முகப்பு வந்து உட்கார்ந்தது, குரல் மட்டும் இல்லாமல்.

மருமகள் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதாள்.

"இன்னும் முடியல" என்றார் மாமனார். சுவரில் மாட்டியிருந்த டேப்பை எடுத்துக்கொண்டு கிரேன்காரர் முன்னால் மண்டியிட்டார். "நீ அங்க இருக்கறதச் சொல்லு. நான் இங்க இருக்கறதச் சொல்றேன்."

மகன் திரையிலிருந்து ஒவ்வொரு சுற்றளவாகப் படித்தான். அப்பா காலில் பிடித்துப் பார்த்துச் சரி, சரி என்றார். இரண்டு வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்ட நீளமான பேச்சு அதுதான், முழுக்க சென்டிமீட்டரில். கடைசி அளவில் மட்டும் டேப் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது.

"மத்தியானத்துல இருந்து தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்காரு. வீங்கியிருக்கு. உன்னோடதுதான் சரி" என்றார் மாமனார்.

உன்னோடதுதான் சரி. அந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து கேட்க அவன் எத்தனை வருஷம் காத்திருந்தானோ. தலையைக் குனிந்துகொண்டு பொத்தானை அழுத்தினான். மெஷின் உறுமியது. வெள்ளைத் தூள் பறந்தது. கிரேன்காரர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கச்சேரி கேட்பதுபோல் கேட்டார்.

கட்டை தயாரானதும் மாமனார் அதைத் தடவிப் பார்த்து, பிளாஸ்டிக் தகட்டைச் சூளைக்குள் வைத்தார். அது இளகியதும் கட்டையின் மேல் கவிழ்த்து அழுத்தினால், சாயங்காலத்துக்குள் சாக்கெட் ஆகிவிடும். மருமகளின் வாக்கு பிழைத்தது.

சின்னவன் பெரியவரைத் தூங்க வைத்துவிட்டு, ஒரு கடைசி வேலை என்றான்.

"ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துடணும். இப்படியே பிரிஞ்சு கிடந்தா மறுபடி இதேதான் நடக்கும். அடுத்த தடவை எழுந்திருக்காமலே போனாலும் போயிடும்."

"சேர்த்துடு" என்றாள் மருமகள்.

"சேர்த்தா பிள்ளைகிட்ட இருக்கறதுதான் நிக்கும் அண்ணி. அப்பாகிட்ட மட்டும் இருக்கறது அழிஞ்சிடும்." கொஞ்சம் நிறுத்தினான். "நகல் எடுத்ததையும் நான் அழிச்சிட்டுத்தான் போகணும். ஆபீஸ் டிஸ்க் அது."

யார் காதில் விழ வேண்டுமோ விழுந்துவிட்டது. மாமனார் சூளையின் கண்ணாடி வழியே தகடு இளகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னா அந்தக் குரலை மட்டும் தனியா எடுத்துத் தந்துடறேம்பா" என்றான் மகன்.

"வேணாம்."

"அப்ப சேர்த்துடட்டுமா?"

மாமனார் திரும்பவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டினார்.

"நீ இருக்கறதா இருந்தா சேர்த்துடு. போறதா இருந்தா அப்படியே விட்டுட்டுப் போ."

'இதைத் திரும்பப் பெற முடியாது, தொடரலாமா?' என்று திரை கேட்டுக்கொண்டு நின்றது. சின்னவனின் கை மவுஸின் மேல் இருந்தது. மருமகள் அந்தக் கையைப் பார்த்தாள், வாசலோரம் கிடந்த அவன் பையைப் பார்த்தாள், பிறகு எதையும் பார்க்கத் தைரியமில்லாமல் சமையலறைக்குள் போய், நான்கு பேருக்கு டீ வைக்கலாமா மூன்று பேருக்கா என்று தெரியாமல் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.